துளையிலிருந்து விழுவது சுருளா, தூளா?

டிரில் மெஷினைப் பிடித்தவுடன் நம் கண் பிட்டின், அதாவது சுழன்று துளைபோடும் கம்பியின், நுனியிலேயே ஒட்டிக்கொள்கிறது. கை பழகிய எலக்ட்ரீஷியனின் பார்வையோ அடிக்கடி தரைக்கும் போய்வரும். கீழே என்ன விழுகிறது என்பதை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

இரும்பிலிருந்து விழுவது சுருள். கான்கிரீட்டிலிருந்து விழுவது தூள். இரும்பு உடைவதற்கு முன் வளைந்து கொடுக்கும். அதனால் கூரிய விளிம்பு அதைக் காய்கறித் தோல்போலச் சீவி எடுத்துவிடுகிறது. கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் வளையத் தெரியாது, நொறுங்கத்தான் தெரியும். இரண்டுக்கும் தனித்தனி பிட் விற்பது இதற்காகத்தான். சுவருக்கான பிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்டின் தலையில், தண்டைவிடச் சற்றே அகலமாக, வேறு நிறத்தில் ஒரு சிறு வில்லை பற்றவைக்கப்பட்டிருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருள். இரும்புக்கான பிட்டின் விளிம்பைப் போல அதில் கூர்மை இல்லை. அது செய்வது உளியின் வேலை.

உளி என்றால் சுத்தியல் வேண்டுமே? மெஷினின் மேல் சுத்தியல் படம் போட்ட குமிழ் இருக்கிறதே, அதுதான். அதைத் திருப்பினால் உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். ஒரு பல் மேடேறிப் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் பிட் துள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று, சுற்றுக்கு 15 பல் என்று வைத்துக்கொண்டால் 45,000 அடி! அடி நொறுக்க, சுழற்சி தூளை வெளியே தள்ளுகிறது. தூள் உள்ளேயே அடைந்துவிட்டால் அடியை அது மெத்தைபோல வாங்கிக்கொள்ளும். பிட் சூடாகுமே தவிர ஆழம் கூடாது. எனவே அவ்வப்போது பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தூளில் நுரையீரலைப் புண்ணாக்கும் சிலிக்கா உண்டு. முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

டைல்ஸும் நொறுங்கும் இனம்தான். ஆனால் அங்கே சுத்தியல் குமிழைத் தொடவே கூடாது. ஓர் அடியில் பிறக்கும் விரிசல் அந்த இடத்தில் நிற்காமல் ஓரம்வரை ஓடிவிடும். மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. ஈட்டி முனை பிட்டை மெதுவாகச் சுழலவிட்டு, அரைத்து அரைத்துத்தான் உள்ளே போக வேண்டும். வைட்ரிஃபைடு என்னும் மிகக் கெட்டியான டைல்ஸ் என்றால் வைரத்தூள் பதித்த பிட்டும், ஈரப் பஞ்சும், நிறையப் பொறுமையும் தேவை. திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் கட்டையை டைல்ஸின் கனத்தைத் தாண்டி உள்ளே தள்ளியபிறகே திருகை முடுக்குங்கள். கட்டை டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால், பாடுபட்டுப் போட்ட துளை அப்போதுதான் விரிசல் விடும்.

இரும்பில் எல்லாம் வேகக் கணக்கு. சாதாரண இரும்பில் பிட்டின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் ஓடினால் போதும். 10 மி.மீ. பிட்டுக்கு அது ஏறக்குறைய 950 சுற்று. டிரிக்கரை முழுதாக அழுத்தி 3,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு 94 மீட்டர் ஓடும். சுருள் நீலமாக மாறும். நீலம் என்றால் சூடு ஏறிவிட்டது, வேகத்தைக் குறைத்து எண்ணெய் விடு என்று பொருள். எவர்சில்வர் இன்னும் பிடிவாதக்காரன். பிட் வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் உரசிய இடம் முன்னைவிடக் கடினமாகிவிடும். வேகம் குறைவாக, அழுத்தம் உறுதியாக இருக்க வேண்டும்.

உலோகத்தில் ஆபத்தான நேரம் துளை முடியும் அந்த ஒரு நொடி. நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் தடை சட்டென்று குறையும். மிச்சமிருக்கும் மெல்லிய விளிம்பைப் பிட் கவ்விக்கொள்ளும். பிறகு பிட்டோடு தகடும் சுழலும். தகட்டைக் கையால் பிடித்திருந்தால், சுழல்வது ஒரு கத்தி. கிளாம்ப் போட்டு மரத்தின்மேல் இறுக்குங்கள். முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறையுங்கள். துணிக் கையுறை பாதுகாப்பு என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒரு நூல் பிட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் வேட்டி நுனிக்கும் இதே கதிதான்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ளே மின்கம்பி ஓடும், அங்கே துளையிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரு படம் மாட்ட, போர்டு எதுவும் இல்லாத சுவராகத் தேர்ந்தெடுத்தேன். முதலில் பூச்சின் சாம்பல் தூள், பிறகு செங்கல்லின் சிவப்புத் தூள். நடுவே வெள்ளையாக ஒரு சிறு சுருள் விழுந்தது. சுவரிலிருந்து சுருளா? டிரிக்கரை விட்டுவிட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பூச்சைக் கொத்திப் பார்த்தால், எப்போதோ எடுத்துவிட்ட டியூப்லைட்டுக்குப் போன பிளாஸ்டிக் குழாய். அதன் முதுகில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம். உள்ளே இருந்த கம்பியில் இன்னும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது என்று, மெயினைத் திரும்பப் போட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னார். படம் இப்போது எதிர்ச் சுவரில் தொங்குகிறது.