எனக்குப் புல்லரிக்கிறது, உனக்கு ஏன் இல்லை?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் என்னிடம் உயிரியல் படித்த பெண் ஒருத்தி, இப்போது கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு புகார் சொன்னாள்.

"சார், ஒரு பாட்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லா வாத்தியமும் ஒரு நொடி நின்னுடும். அப்புறம் புல்லாங்குழல் மட்டும் வரும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்துல எனக்குக் கை முடியெல்லாம் நட்டுக்கும். ரூம்மேட்டுக்கு ஒரு காதுல இயர்போனை மாட்டிவிட்டு அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணுமே ஆகல. 'நல்லாருக்குடி'ன்னு சொல்லிட்டுத் துணி துவைக்கப் போயிட்டா. அவளுக்கு ரசனை இல்லையா, இல்ல எனக்குத்தான் கோளாறா?"

கூடவே வந்திருந்த அவள் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பஜனையில் நாமம் உச்சிக்குப் போகும்போது தனக்கும் அப்படித்தான் ஆகும், அது சாமி தொட்டுவிட்டுப் போகிற அடையாளம் என்றார்.

இரண்டு பேருக்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கே இதில் ஒரு பழைய வலி உண்டு. பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவரை, பாலக்காட்டுக் கோயில் ஒன்றில் பஞ்சாரி என்ற செண்டை மேளம் கேட்க வைக்கப் பல வருடம் முன்பு அழைத்துப்போனேன். முக்கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டார். "என்ன வாத்தியாரே, ஒரே தட்டா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார். பதிலுக்கு அவர் எனக்குச் சிலேடைகள் சொல்வார். சொல்லி முடித்ததும் என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் பல முறை சிரித்திருக்கிறேன்.

முதலில் தோலை முடித்துவிடலாம், இது பள்ளிப் பாடம்தான். ஒவ்வொரு முடியின் அடியிலும் மிகச் சின்ன தசை ஒன்று சாய்வாக ஒட்டியிருக்கிறது. தானாக இயங்கும் பரிவு நரம்பிலிருந்து நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் வந்தால் அது சுருங்கும், முடி நிமிரும், சுற்றியிருக்கும் தோல் புள்ளி புள்ளியாகப் புடைக்கும். மிகச் சிலரைத் தவிர யாராலும் நினைத்து அந்தத் தசையை அசைக்க முடியாது. அடர்ந்த ரோமம் உள்ள விலங்குக்கு இது குளிர்காலப் போர்வை. நாயைக் கண்ட பூனைக்கோ தன்னைப் பெரிதாகக் காட்டும் வேஷம். நமக்கு ரோமம் போய்விட்டது, தசை மட்டும் மிச்சம். அதுவும் வெறும் மிச்சமில்லை என்று 2020இல் ஹார்வர்டிலிருந்து வந்த எலி ஆய்வு சொன்னது. அந்தத் தசையைப் பிடித்துக்கொண்டுதான் நரம்பு முடியின் வேர்ச்செல்களைத் தொடுகிறது, குளிர் நீடித்தால் புது முடி முளைக்கத் தூண்டுகிறது. மலையாளத்தில் மெய்சிலிர்ப்பதைக் 'குளிரு கோரி' என்பார்கள். யாரோ குளிரை மொண்டு மேலே ஊற்றியது மாதிரி. உடலியல் தெரியாமலே சரியாகச் சொன்ன சொல்.

சரி, குளிருக்காக ஏற்பட்ட தசை புல்லாங்குழலுக்கு ஏன் இழுக்கிறது?

கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆன் பிளட், ராபர்ட் ஜடோரே என்ற இருவர் 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்துப் பேரை அழைத்து, உங்களுக்குத் தவறாமல் சிலிர்ப்பு தரும் இசையை நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த இசை ஓடும்போது மூளையைப் படமெடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் போதைப்பொருளுக்கும் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள் விழித்தன. செய்தித்தாள்கள் இதோடு நிறுத்திக்கொண்டன. எனக்குப் பிடித்தது வேறு. எந்தச் சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா ஒரு இசை வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் புதிதாக எதையும் தேடவில்லை. ஒருவர் உயிராக நினைத்துக் கொண்டுவந்ததையே இன்னொருவருக்கு அந்தச் 'சும்மா இசை'யாகப் போட்டார்கள். தந்திரம் பலித்தது, அந்த இன்னொருவருக்கு அது சும்மா இசையாகவே இருந்தது! விடுதி அறையில் இயர்போனோடு என் மாணவி அறியாமல் செய்ததும் இதே சோதனைதான்.

பத்து வருடம் கழித்து, 2011இல், அதே ஊர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ஜடோரேவும் இன்னும் உள்ளே போனார்கள். அந்தப் பகுதிகளில் வேலை செய்யும் டோபமின் என்ற வேதிப்பொருள் எப்போது, எங்கே சுரக்கிறது என்று பார்க்க வேண்டும். உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் அதை எப்படி அளப்பது? நம்மூர் பஸ் தந்திரம்தான். கூட்ட நேரத்தில் பாலக்காடு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போமே, அது மாதிரி ராக்ளோபிரைடு என்ற மருந்தை மெலிதாகக் கதிரியக்கம் ஏற்றி உடலில் செலுத்துவார்கள். அது டோபமின் உட்கார வேண்டிய சீட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேனரில் துண்டு போட்ட சீட்டெல்லாம் ஒளிரும். உண்மையான பயணி, அதாவது டோபமின், வந்து ஏறினால் சீட்டு அவருக்குப் போய்விடும், துண்டுகளுக்கு இடம் குறையும், ஒளி மங்கும். எவ்வளவு மங்கியதோ அவ்வளவு டோபமின். இந்த ஸ்கேன் மெதுவானது, எந்த நொடியில் என்று சொல்லாது. அதனால் அதே ஆட்களை வேகமான இன்னொரு ஸ்கேனிலும் படுக்கவைத்து நேரத்தைப் பிடித்தார்கள். இதற்காக 217 பேரைச் சலித்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

கிடைத்தது இதுதான். சிலிர்க்கும் கணத்தில் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் எழுகிறது. அது எதிர்பார்த்ததே. ஆனால் அந்தக் கணத்துக்குச் சில நொடிகள் முன்பே, இன்னும் ஒன்றும் நடக்காதபோதே, பக்கத்திலுள்ள காடேட் என்ற வேறொரு பகுதியில் டோபமின் எழுந்துவிட்டது. புல்லாங்குழல் வந்ததற்கு ஒரு சம்பளம், வரப்போகிறது என்று காத்திருந்ததற்குத் தனியாக ஒரு சம்பளம். மூளைக்குள் இருப்பவர் ரசிகர் மட்டுமில்லை, ஜோசியரும்தான். (நிஜமாகவே அடுத்த நொடியைக் கணித்துச் சொல்கிற ஜோசியர். ஊரில் இருப்பவர்களைச் சொல்லவில்லை.)

இதைப் படித்த அன்று நான் ஸ்கேனரை மறந்துவிட்டுப் பஞ்சாரியைத்தான் நினைத்தேன். பஞ்சாரிக்கு ஐந்து காலம், அதாவது ஐந்து கட்டம். முதல் காலத்தில் தாளத்தின் ஒரு சுற்று 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை. அவ்வளவு நீளமான சுற்றில், முதல் முறை கேட்பவருக்கு எது தொடக்கம், எது முடிவு என்றே பிடிபடாது. செண்டையின் வலந்தலைப் பக்கத்தில் மெதுவாக ஓர் அடி, இலத்தாளம் என்ற ஜால்ராவில் ஒரு 'ஜல்', ஊதுகிற கொம்பு எங்கோ நீட்டுகிறது. பொள்ளாச்சி நண்பர் எழுந்து போனது இந்த இடத்தில்தான். இரண்டாம் காலத்தில் சுற்று 48 ஆகிறது. மூன்றில் 24, நான்கில் 12, ஐந்தில் 6. ஒவ்வொரு முறையும் சரிபாதி. ஒவ்வொரு காலத்துக்குள்ளேயும் வேகம் ஏறிக்கொண்டே போய், தாங்காது என்கிற இடத்தில் கலாசம் என்ற முடிவுக் கொட்டு கொட்டி அடுத்த காலத்துக்குள் இறங்கும். முன்வரிசை ரசிகர்கள் கையை மேலே தூக்கித் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கலாசத்துக்கு அரைச் சுற்று முன்பே அந்தக் கைகள் ஒன்றாக உயரும். மேளக்காரர்களின் கோல் இன்னும் விழுந்திருக்காது! ஒரு கோயில் முற்றம் முழுக்கக் காடேட் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தக் கைகளைப் பாருங்கள்.

அதுவும் வெறும் வேகம் போதாது. வேகம்தான் காரணம் என்றால் தையல் இயந்திரத்துக்கும் நமக்குச் சிலிர்க்க வேண்டும். கணக்கு மனதில் ஏறியிருக்க வேண்டும். பாதி பாதியாகக் குறையும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தால்தான், அந்தப் பாதி எந்த நொடியில் விழும் என்ற தவிப்பு வரும். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாத வீட்டில் யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ரூம்மேட்டுக்கு அந்த ஒரு நொடி மௌனம் வெறும் மௌனம். என் மாணவிக்கோ அது கதவு தட்டப்படும் ஓசைக்கு முந்தைய காலடி. நமக்குப் பிடித்ததை ஒருவரிடம் நீட்டும்போது பாட்டை மட்டும்தான் கொடுக்கிறோம், நாம் அதற்காகக் காத்திருந்த பழக்கத்தைக் கொடுக்க முடிவதில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவது வேறு அவர்களைப் பதறவைக்கும். ஐந்தாறு தடவை, சமையலுக்கு நடுவே, யாரும் கவனிக்காதபோது காதில் விழ விடுங்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு, ஐம்பது தடவை போட்டால் ஜோசியருக்கு வேலை இல்லாமல் போய்ச் சலித்துவிடும். எவ்வளவு போட்டாலும் எடுபடாதவர்களும் சிலர் இருக்கிறார்கள். பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள்: காசு ஜெயித்தால் எல்லாரையும் போல மகிழ்வார்கள், சுருதி தாளம் எல்லாம் சரியாகப் புரியும், ஆனால் இசை மட்டும் அவர்களுக்கு எதையும் தராது. அது குறையும் இல்லை, திமிரும் இல்லை. அவர்களை விட்டுவிடுங்கள்.

நண்பரின் சிலேடைக்கும் வருகிறேன். நான் இந்த ஆய்வையெல்லாம் ஆர்வமாகச் சொல்லி, "எனக்குப் புல்லரிக்குதுப்பா" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நல்லதாப் போச்சு, கட்டித் தொழுவத்துல போடு, மாடு பட்டினியாக் கெடக்குது." 'அரி' என்றால் தினவெடுப்பதும்தான், அறுப்பதும்தான். அரிவாள் என்ற பெயரே அதில் வந்தது. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டேவிட் ஸ்வின்னி என்பவர் 1979இல் செய்த அழகான சோதனை இருக்கிறது. இரட்டைப் பொருள் உள்ள சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் காதில் கேட்கவைத்து, அதே நொடியில் திரையில் அந்தப் பொருள்களில் ஒன்றோடு தொடர்புள்ள வேறொரு சொல்லைக் காட்டினார். வாக்கியம் ஒரு பொருளைத்தான் குறிக்கிறது என்று தெளிவாக இருந்தபோதும், கேட்டவர் மூளையில் இரண்டு பொருளுமே ஒரு கணம் விழித்துக்கொண்டன. மூன்று அசை தள்ளிச் சோதித்தால் வேண்டாதது அணைந்துவிட்டது. நாம் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் இப்படி எத்தனையோ பொருள்கள் எட்டிப்பார்த்துவிட்டு நமக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. சிலேடைக்காரர் என்ன செய்கிறார்? அணைந்துபோன அந்தப் பொருளின் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து நடுக்கூடத்தில் உட்காரவைக்கிறார். ஜோசியர் தோற்றுப்போகிறார், ஆனால் தோல்வி வலிக்கவில்லை, சிரிப்பு வருகிறது. விளக்கிச் சொன்ன சிலேடை ஏன் செத்துப்போகிறது என்பதும் இதில் அடக்கம். இரண்டு பொருளையும் வரிசையாகக் கையில் கொடுத்தால் தோற்க எதுவும் மிச்சமில்லை. மேலே அரிவாளை விளக்கி நானே அதைத்தான் செய்தேன், மன்னிக்கவும்.

அம்மாவின் பஜனை இன்னும் சுவாரசியம். தெரிந்த நாமம், ஒருவர் சொல்ல எல்லாரும் வாங்கிச் சொல்வது, சுற்றுக்குச் சுற்று ஏறும் வேகம். பஞ்சாரியின் எலும்புக்கூடேதான். 'சாமி தொட்டது' என்பதை நான் மறுக்கப் போவதில்லை, அது அவர் வைத்திருக்கும் பெயர். நான் வேறொன்றைச் சொன்னேன். ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் வருடாவருடம் ஜூன் மாதம் தீமிதிக்கிறார்கள், நம்ம ஆனைமலை மாசாணியம்மன் கோயில் குண்டம் போல. அங்கே நடப்பவர்களுக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்புமானி கட்டி அளந்து 2011இல் வெளியிட்டார்கள். தீயில் நடந்தவரின் துடிப்பின் ஏற்ற இறக்கமும், சும்மா உட்கார்ந்திருந்த அவருடைய சொந்தக்காரர், நண்பர்களின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபோல் போயின. அதே தீயைப் பார்த்த வெளியூர்க்காரர்களுக்கு அப்படிப் போகவில்லை. "அது சரி, சொந்தம்னா துடிக்காதா?" என்றார் அந்த அம்மா, ஸ்பெயின்காரர்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம் என்கிற தொனியில்.

எனக்குக் கோபம் வருவது பக்தர்கள் மேல் இல்லை. 'இந்த அதிர்வெண்ணில் இந்த மந்திரத்தைக் கேட்டால் சர்க்கரை குறையும், செல்கள் புதுப்பிக்கப்படும்' என்று ஒலிப்பதிவு விற்கிறவர்கள் மேல். சிலிர்ப்பு உண்மை, அதனால் மாத்திரையை நிறுத்து என்பது மோசடி. அவர்கள் துணிச்சலாகப் பேசுவதற்கு ஒரு காரணம், இந்த ஊரில் யாரும் எதையும் அளந்து வைக்காததுதான் என்பது என் கட்சி. புற்றுநோயாளிகளுக்கான ஸ்கேனரைப் பிடுங்கிச் செண்டை கேட்க வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடலில் ஒரு சின்ன கேமராவைப் பொருத்தித் தோல் புடைப்பதை நொடிக்கு நொடி அளக்கும் முறையை 2010இலேயே ஐரோப்பாவில் செய்து காட்டிவிட்டார்கள். அதற்குக் கோடிகள் தேவையில்லை. பாலக்காட்டிலும் திருச்சூரிலும் ஒரு திருவிழாப் பருவத்தில் எத்தனை மேளம்! கேரளத்திலோ கோவையிலோ ஒரு கல்லூரித் துறைக்குச் சில லட்சம் ஒதுக்கினால், கணக்குத் தெரிந்தவர் கையும் தெரியாதவர் கையும் எந்தக் காலத்தில் பிரிகின்றன என்று உலகத்துக்கே சொல்லலாம்.

நண்பரை நான் விடவில்லை. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் இழுத்துப்போனேன். பஜ்ஜிக் கடைக்குப் போகும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. இந்தத் தை மாதம் இரண்டாம் காலம் முடிகிற தறுவாயில், என் பக்கம் திரும்பாமலே "இனி இருபத்திநாலு, இல்ல?" என்றார். கலாசம் விழுந்தது. நான் மேளத்தைப் பார்க்காமல் அவர் முன்கையைப் பார்த்தேன். அவர் சட்டென்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கணவாய்க் காத்து, வாத்தியாரே. பாலக்காட்டுல இந்த மாசம் அப்படித்தான் அடிக்கும்."