‘டேக் ஹிம் ஆஃப் இட்’ வேறு, ‘டேக் இட் ஆஃப் ஹிம்’ வேறு

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வார்டு. இரவு ஷிஃப்ட் முடிந்து, பகல் ஷிஃப்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும் நேரம். அங்கே ஒரு நர்ஸ் சாதாரணமாகச் சொல்வது இப்படி இருக்கும்: “ஷீ ஹேட் சம் டீ பட் ப்ராட் இட் அப். ஷீ காண்ட் கீப் எனிதிங் டவுன். த டாக்டர் வான்ட்ஸ் ஹெர் ஆஃப் த ஐயன் டேப்லெட்ஸ்.”

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆறாம் வகுப்புக்குள் படித்து முடித்த சொற்கள்தான். ஆனாலும் ‘எமிசிஸ்’ (வாந்தி), ‘ஹீமோப்டிசிஸ்’ (இருமலில் ரத்தம்) என்று பாடப் புத்தகச் சொற்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நம் பிள்ளைகள் இங்கே திணறுகிறார்கள். அந்த அம்மா குடித்த டீயை வாந்தி எடுத்துவிட்டார், வயிற்றில் எதுவும் தங்கவில்லை, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். செய்தி அவ்வளவுதான்.

வெளிநாடு போகும் நர்ஸுகளை, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குத் தயார்செய்வது என் தொழில். வருகிறவர்களில் பலர் ஒரு நோட்டு கொண்டுவருவார்கள். அதில் ‘லுக் ஆஃப்டர்: கவனித்துக்கொள்’, ‘பிக் அப்: எடு’ என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். பட்டியல் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதில் ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹெர்’ எங்கே உட்காரும் என்பது மட்டும் இருக்காது. பேசும்போது வாய் தடுமாறுவது சரியாக அந்த இடத்தில்தான்.

நான்கே சொற்களை எடுத்துக்கொள்வோம்: டேக், ஆஃப், ஹிம், இட். “டேக் ஹிம் ஆஃப் இட்” என்றால் அவருக்கு அந்த மருந்தையோ ஆக்சிஜனையோ கொடுப்பதை நிறுத்து என்று பொருள். “டேக் இட் ஆஃப் ஹிம்” என்றால் அவரிடமிருந்து அதை எடு. அது முகத்தில் இருக்கும் மாஸ்க்காக இருக்கலாம், அவர் எட்டி எடுத்துவிட்ட கத்தரிக்கோலாகவும் இருக்கலாம். தமிழில் ‘அவரிடமிருந்து அதை எடு’ என்றாலும் ‘அதை அவரிடமிருந்து எடு’ என்றாலும் ஒன்றுதான். வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே போவதால், சொல்லை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. யார், எது, எதிலிருந்து என்பதையெல்லாம் அது இடத்தை வைத்தே சொல்லியாக வேண்டும்.

நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிக்கப், ஃபில்லப், செட்டப் என்று இரண்டு சொற்களை ஒரே கட்டியாக இறக்குமதி செய்து, பின்னால் ‘பண்ணு’ சேர்த்துவிட்டோம். ‘அவரை பிக்கப் பண்ணு’ என்று நாள் முழுக்கச் சொல்லும் வாய்க்கு, ஆங்கிலத்தில் பேசும்போது “பிக்கப் ஹிம்” என்றுதான் வரும். ‘ஆஃப் பண்ணு’ என்று பழகியவர்கள் வினையையே விட்டுவிட்டு “ஆஃப் த லைட்” என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கட்டி உடையும். கேனுலா என்பது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய். “டேக் அவுட் த கேனுலா” சரி, “டேக் த கேனுலா அவுட்” என்பதும் சரி. கேனுலாவுக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ஒரே வழிதான்: “டேக் இட் அவுட்”. “டேக் அவுட் இட்” கிடையாது.

ஏன் இந்தப் பிடிவாதம்? ஆங்கில வாக்கியத்தின் கனம் பெரும்பாலும் கடைசியில் விழும். புதிய செய்தி அங்கேதான் வர விரும்பும். ‘இட்’ ஏற்கெனவே தெரிந்த பொருள், அழுத்தமில்லாத சொல். அதை நடுவில் ஒதுக்கிவிட்டு, ‘அவுட்’ கடைசியில் ஓங்கி ஒலிக்கிறது.

எல்லா வினையும் இப்படிப் பிளக்காது. “லுக் அட் இட்”, “வெயிட் ஃபார் ஹிம்” போன்றவற்றில் ‘அட்’, ‘ஃபார்’ என்ற ப்ரிபொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல், பெயரை விட்டு நகராது. ‘இட்’டும் ‘ஹிம்’மும் பின்னால்தான் நிற்கும். காதைத் தீட்டிக்கொண்டால் வேறுபாடு கேட்கும். “பிக் இட் அப்” என்பதில் ‘அப்’ தெளிவாக விழும். “லுக் அட் இட்” என்பதில் ‘அட்’ கிட்டத்தட்டக் கரைந்துபோகும். ‘லுக் ஆஃப்டர்’ மாதிரி நீளமானவற்றில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்றாலும், ஓரசைச் சொற்களுக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

நர்ஸுகளிடம் நான் அதிகம் திருத்தும் வினை ‘ஆபரேட்’. ‘அவரை ஆபரேட் பண்ணாங்க’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபு அப்படியே கடல் கடந்து “தே ஆபரேட்டட் ஹிம்” ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு அவரை ஏதோ இயந்திரம்போல் இயக்கினார்கள் என்று படும். “தே ஆபரேட்டட் ஆன் ஹிம்” என்பதே சரி. இதைச் செயப்பாட்டுவினை ஆக்கினால் “ஹி வாஸ் ஆபரேட்டட் ஆன்” என்று ‘ஆன்’ கடைசியில் அநாதையாக நிற்கும். ஓ.இ.டி. தேர்வில், நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அது பிழை என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டக் கூடாது.

எதிர்த்திசைப் பிழைகளும் உண்டு. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதிலிருந்து “டிஸ்கஸ்டு அபவுட் இட்”, ‘அவனோடு கல்யாணம்’ என்பதிலிருந்து “மேரிட் வித் ஹிம்”, ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதிலிருந்து “எக்ஸ்ப்ளெயின் மீ”. முதல் இரண்டிலும் ப்ரிபொசிஷன் வேண்டாம், மூன்றாவதில் ‘டு’ வேண்டும். சென்னையில் யாரும் இதற்காக முகம் சுளிக்கப்போவதில்லை. நானும் இதில் ரொம்பக் கெடுபிடி செய்வதில்லை. ஆனால் “ஐ பாஸ்டு அவுட் இன் 2019” என்பதை மட்டும் விடமாட்டேன். நமக்கு அது கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டு. பிரிட்டிஷ் நேர்காணலில் எதிரே இருப்பவருக்கு 2019இல் மயங்கி விழுந்த கதை. நோயாளி ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயக்கம், ‘பாஸ்டு அவே’ என்றால் மரணம். நோயாளியின் மகளிடம் போனில் பேசும்போது இந்த இரண்டும் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் இலக்கண நுணுக்கம்தானே என்று கேட்பவர்களிடம் 1977 மார்ச் 27ஐச் சொல்வேன். கேனரி தீவுகளில் டெனரிஃப் விமான நிலையத்தில் அடர்ந்த மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம்., அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில். கே.எல்.எம். விமானத்திலிருந்து “வி ஆர் நவ் அட் டேக்காஃப்” என்று செய்தி போனது. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் எடுத்துக்கொண்டார்கள். விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது, பான் ஆம் விமானத்தின் மேல் மோதியது. டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்ல இதேபோல் ஒரு ப்ரிபொசிஷன் அமைப்பு இருப்பதால், அவசரத்தில் தாய்மொழியின் ஜாடை ஆங்கிலத்தில் இறங்கியிருக்கலாம் என்று மொழியியலில் ஒரு விளக்கம் உண்டு. 583 பேர் இறந்தார்கள். பனி, ஒரே நேரத்தில் பேசியதால் ரேடியோவில் எழுந்த இரைச்சல் எனக் காரணங்கள் பல. பழியெல்லாம் ‘அட்’ மேல் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, ஓடுபாதையிலிருந்து எழ அனுமதி தருவதற்கும் அதை ரத்து செய்வதற்கும் தவிர ‘டேக்காஃப்’ என்ற சொல்லை ரேடியோவில் உச்சரிப்பதே இல்லை. மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’தான்.

வெளியாட்களுக்கு இது கஷ்டம் என்பது ஆங்கிலேயருக்கும் தெரியும். 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு இப்படிச் சிறு சொல் சேர்வதுதான் அயலாருக்கு மிகப் பெரிய சிரமம் என்று சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியில், ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் வேர் அதுதான். அதில் வினைக்கும் சிறு சொல்லுக்கும் இடையே இரு பக்கமும் முனையுள்ள ஓர் அம்புக்குறி இருந்தால், அது பிளக்கக்கூடிய வினை. பலர் அதை அச்சு அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நோட்டில் ‘டேக் அவுட்’ என்று எழுதாதீர்கள் என்பதே என் வகுப்பின் முதல் விதி. ‘டேக் இட் அவுட்’, ‘பிரிங் இட் அப்’, ‘லுக் அட் இட்’, ‘ஆபரேட் ஆன் ஹிம்’ என்று ‘இட்’, ‘ஹிம்’ போன்ற ப்ரோனவுனையும் சேர்த்தே எழுத வேண்டும், அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். மாட்டிக்கொள்வது ‘இட்’டில்தான்.

எங்கே எதைப் பேசுவது என்பதும் உண்டு. ஓ.இ.டி. கடிதத்தில் “ஷீ வாமிட்டட்” என்றே எழுதுங்கள். அங்கே “ப்ராட் இட் அப்” வேண்டாம். பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிப்பவரிடம் “எனி எமிசிஸ்?” என்று கேட்காதீர்கள். “ஹேவ் யூ பீன் ஏபிள் டு கீப் எனிதிங் டவுன்?” என்றால் எண்பது வயதுக்காரருக்கும் புரியும். அவர் மாத்திரைகளைப் பற்றி “ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் தெம்” என்றால், தீர்ந்துவிட்டன என்கிறார். மூன்று சொல் சேர்ந்த இந்த வகை வினையில் ‘தெம்’ நடுவே நுழையாது, கடைசியில்தான் வரும். எங்கேயோ ஓடிப்போனதாக நினைத்துக்கொண்டு “வேர்?” என்று கேட்டுவிடாதீர்கள்.