தேய்ப்பதை நிறுத்துங்கள், முதலில் பாருங்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. பத்தாம் வகுப்புப் பையன் தன் ஆயாவின் முகத்தைப் பென்சிலில் வரைந்திருக்கிறான். அப்பா அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கேட்கிறார்: "ஷேடிங் மட்டும் சரியா வரல சார். தேய்க்கிறதுக்கு என்ன வாங்கணும்?"

மூக்கு, கண், வாய் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. நல்ல கை. ஆனால் முகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. இரண்டு கன்னத்திலும் விரலால் தேய்த்த சாம்பல் அழுக்கு. கண்ணின் வெள்ளையும் பல்லும் வெறும் காகிதம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வரைந்தவனைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. அதை அவன் பார்க்கவே இல்லை.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் எழுதுகிற பிள்ளைகள், கவின்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்கு வரைய வருகிறவர்கள் என எல்லோரிடமும் இதே கேள்விதான். ஸ்டம்ப் (தேய்ப்பதற்கான காகிதக் குச்சி) வாங்கலாமா, காது குடையும் பட்ஸ் போதுமா, டிஷ்யூ பேப்பரா, 10பி மாதிரி ரொம்பக் கறுப்பான பென்சில் எங்கே கிடைக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு ஆதங்கமே அதுதான். பொருளை விற்கிற வீடியோக்கள் சொல்லிக் கொடுத்த கேள்விகள் இவை.

பென்சில் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். ஒரு 2பி, ஒரு 6பி, ஓரளவு சொரசொரப்பான டிராயிங் தாள். போதும். வழவழப்பான சார்ட் பேப்பரில் பென்சில் பிடிக்காது. 10பி, 12பி என்று போனாலும் அழுத்தித் தேய்த்த பென்சில் கிராஃபைட் பளபளக்கத்தான் செய்யும், கரி மாதிரிக் கறுக்காது. மைக்கறுப்பு வேண்டுமென்றால் கரித்துண்டு வாங்குங்கள்.

விரலால் தேய்ப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அது தாளில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் திட்டுத் திட்டாகத்தான் படியும், ரப்பர் வைத்தாலும் முழுசாகப் போகாது. அதைவிடப் பெரிய கெடுதல், தேய்த்தவுடன் கறுப்பும் வெளுப்பும் கலந்து எல்லாம் ஒரே நடுத்தரச் சாம்பலாகிவிடும். பார்க்க மெத்தென்று இருப்பதால் ஷேடிங் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். நான் தேய்ப்பதற்கே எதிரியில்லை. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் ஓவியம் பற்றிச் சொல்லும் சித்திரசூத்திரப் பகுதியே வர்த்தனை என்று ஒளிநிழல் காட்டும் முறைகளை மூன்றாகப் பிரிக்கிறது: இலை நரம்பு போலக் கோடுகளால் காட்டுவது, மென்மையாக இழைத்துக் காட்டுவது, புள்ளிகளால் காட்டுவது. இழைப்பது அந்த மூன்றில் ஒன்று. எங்கே கறுக்க வேண்டும் என்று தெரிந்தவர் எந்த முறையில் செய்தாலும் உருவம் எழுந்து நிற்கும். தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

இனி நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். "வெள்ளைப் பொருள் வெள்ளையாக இருக்கும், கறுப்புப் பொருள் கறுப்பாக இருக்கும்." இந்த ஒரு நினைப்புதான் தொடக்கநிலையில் இருப்பவர்களின் ஷேடிங்கைக் கெடுக்கிறது. பல் வெள்ளை, அதனால் தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முடி கறுப்பு, அதனால் முழுக்க 6பி போட்டு அப்பிவிடுகிறார்கள். வேட்டி வெள்ளை, அதனால் மடிப்புக்கு நாலு கோடு. இதெல்லாம் மனசில் இருக்கிற பெயரை வரைவது. எதிரில் இருப்பதை வரையவில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். உச்சி வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழும். டியூப் லைட் போட்ட அறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். வாசல் வெயிலில் விரித்து வைத்த கறுப்புக் குடை தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றில் நாலைந்து பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. உள்ளே மேசைமேல் இருக்கிற வெள்ளைத் தாள் எண்பது பங்குக்கு மேல் அனுப்புகிறது. ஆனாலும் நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியை அளந்தால் அந்தக் கறுப்புக் குடை அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைவிடப் பல மடங்கு பிரகாசம். ஒரே படத்தில் வாசலையும் அறையையும் சேர்த்து வரைகிறவர் குடையைத் தாளைவிட வெளுப்பாக விட வேண்டும். எத்தனை பேர் விடுவார்கள்? குடை என்றால் கறுப்பு என்று மூளை முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

மூளை இதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெயிலிலும் நிழலிலும் ஒரே பொருளை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பார்வை பற்றி ஆராய்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995-இல் இதை ஒரே படத்தில் காட்டினார். சதுரங்கக் கட்டம் போட்ட பலகை, அதன்மேல் பச்சை உருளை, உருளையின் நிழல் கட்டங்கள்மேல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் நிழலுக்கு வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல். சொன்னாலும் நம்ப முடியாது. மற்றதை எல்லாம் மறைத்துவிட்டு அந்த இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்தால்தான் தெரியும். உண்மை தெரிந்த பிறகும் மறைப்பை எடுத்தவுடன் கண் மறுபடி ஏமாறும். அதனால் "நான் உத்துப் பாத்துதான் சார் வரைஞ்சேன்" என்று சொல்லாதீர்கள். உற்றுப் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றில் பஞ்சிங் மெஷினால் கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு ஓட்டை போடுங்கள். ராத்திரியில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில், சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். வெள்ளைத் தாள்மேல் ஒரு வெள்ளை முட்டை, பக்கத்தில் கறுநீலக் கத்தரிக்காய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஓட்டையில் முட்டையின் நிழல் பக்கமும் இன்னொரு ஓட்டையில் கத்தரிக்காயின் மினுக்கும் (விளக்கு பட்டுப் பளிச்சிடும் இடம்) தெரிகிற மாதிரி கார்டைப் பிடியுங்கள். கத்தரிக்காய்தான் வெளுப்பு. முட்டை அழுக்குச் சாம்பல். வகுப்பில் இதைச் செய்யும்போது பிள்ளைகள் கார்டை எடுத்துவிட்டு முட்டையைப் பார்ப்பார்கள், மறுபடி கார்டை வைப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

இப்போது கத்தரிக்காயை எடுத்துவிட்டு முட்டையை மட்டும் பாருங்கள். விளக்கின் பக்கம் நன்றாக வெளுத்திருக்கும். அங்கிருந்து வளைந்து போகப் போக மெல்ல மங்கி, ஓரிடத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும். முட்டையில் கறுப்புக் கூடுதலாக இருப்பது அதை ஒட்டித்தான், ஓரத்தில் இல்லை. ஓரத்துக்குப் போனால் கீழே இருக்கிற தாளிலிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சம் பட்டு லேசாக வெளுத்திருக்கும். முட்டை தாளைத் தொடும் இடத்தில் மெல்லிய, ஆழமான ஒரு கறுப்பு. தாளில் விழுந்த நிழல் முட்டைக்குப் பக்கத்தில் கூர்மையாகவும், விலக விலக ஓரம் கலைந்தும் இருக்கும். முட்டையைச் சுற்றிக் கோடு இருக்கிறதா? எங்குமே இல்லை. விளக்குப் பக்கத்து விளிம்பு பின்னால் இருக்கிற இருட்டுக்கு எதிராகத் தெரிகிறது. நிழல் பக்கத்து விளிம்பு சில இடத்தில் தாளின் நிழலோடு கலந்து காணாமலே போகிறது. காணாமல் போனால் காணாமல் போனதாகவே வரையுங்கள். கோடு போட்டு அதைக் காப்பாற்றாதீர்கள்.

அந்த எதிரொளி பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லோரும் அதை வெள்ளையாக்கிவிடுகிறார்கள். சுற்றிலும் கறுப்பு இருப்பதால்தான் அது வெளுப்பாகத் தோன்றுகிறது. ஒரே நிறப் பொருளில், நிழல் பகுதியின் மிக வெளுப்பான இடம்கூட வெளிச்சப் பகுதியின் மிக மங்கலான இடத்தைவிடக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். இதை மீறினால் உருவம் உடைந்துவிடும். கண்ணை இடுக்கிப் பாருங்கள், எதிரொளி நிழலுக்குள் அடங்கிவிடும். கண்ணை இடுக்குவதற்கு ஈடான கருவி எந்தக் கடையிலும் கிடையாது, காசும் கேட்பதில்லை. சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து வெளிச்சம் ஒரு பகுதி, நிழல் ஒரு பகுதி என்று இரண்டாகப் பிரியும். முதலில் அந்த எல்லையை மட்டும் லேசான கோட்டில் வரைந்து, நிழல் முழுவதையும் ஒரே அளவான சாம்பலில் நிரப்புங்கள். இந்தக் கட்டத்திலேயே முட்டை உருண்டு தெரியும். தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். எல்லை தப்பு என்று அர்த்தம், திரும்பப் பாருங்கள்.

அடுத்தது அளவு. தாளின் வெள்ளைக்கும் 6பி-யின் கறுப்புக்கும் நடுவே சுமார் பதினைந்து, இருபது மடங்குதான் வித்தியாசம் கிடைக்கும். எதிரில் இருக்கும் காட்சியில் நூறு மடங்குக்கு மேலும் இருக்கலாம். உள்ளதை உள்ளபடியே தாளில் இறக்க முடியாது, விகிதத்தைக் காப்பாற்றிச் சுருக்கத்தான் முடியும். அதற்குத்தான் கட்டம் போட்டுப் பழகச் சொல்கிறேன். தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம்: ஒன்று வெறும் தாள், ஐந்தாவது உங்களால் முடிந்த கறுப்பு, நடுவில் மூன்று படி. படிகளுக்கு இடையே தூரம் சமமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் இரண்டும் மூன்றும் ஒன்றாகிவிடும், நாலாவது கட்டத்துக்குக் கை பயந்து நிற்கும். கறுப்புப் போடப் பயப்படாதீர்கள்! வெளிறிப்போன படங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கட்டம் சரியாக வந்த பிறகு, பார்க்கிற ஒவ்வொரு இடத்துக்கும் இது எத்தனையாவது கட்டம் என்று உங்களையே கேட்டுப் பதில் சொல்லிவிட்டுப் பென்சிலை வையுங்கள்.

போன் படத்தைப் பார்த்து வரைவதைக் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். இன்றைய போன்கள் தாமாகவே நிழலைத் தூக்கி, வெளுப்பை அடக்கி, எல்லாவற்றையும் கண்ணுக்கு இதமாக மாற்றித் தருகின்றன. ஃபிளாஷ் போட்டு எடுத்த முகத்தில் கற்றுக்கொள்ள நிழலே மிஞ்சாது. அந்த ஆயா படமும் அப்படி எடுத்ததுதான். கண்ணின் வெள்ளைக்கு மேலே இமை நிழல் விழுகிறது, விழி உருண்டை வளைகிறது, ஆகவே அது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கட்டச் சாம்பல். ஃபிளாஷ் அதை அழித்துவிட்டது, பையனும் தாளை அப்படியே விட்டுவிட்டான். போனுக்கு ஒரு நல்ல வேலை உண்டு: வரைந்து முடித்த படத்தையும் பொருளையும் அருகருகே வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். எங்கே பயந்து வெளுப்பாக விட்டோம் என்று தெரிந்துவிடும்.

ஒளி எங்கிருந்து விழுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் போங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. விடிந்ததும் வெயில் நேர் எதிரே அடிக்கும்போது உருவங்கள் கொஞ்சம் தட்டையாக இருக்கும். வெயில் ஏறி மேலிருந்து சரிந்து விழும் முற்பகலில் யானையின் வயிறும் தபசியின் விலா எலும்பும் துருத்திக்கொண்டு நிற்கும். பிற்பகலில் பாறையே நிழலுக்குள் போய்விடும். சிற்பம் மாறவில்லை, வெளிச்சம் மாறியது. ஸ்கெட்ச் நோட்டோடு போய் முற்பகலில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை அதே யானையை வரையுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஃபோட்டோ மாதிரியே இருக்கா?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அது ஒவ்வொரு முடியாக வரைந்து, கன்னத்தைத் தேய்த்து, ஒரு மாதம் ஒரே படத்தில் உட்கார்ந்திருக்கிறது. "விளக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை சரியான வழியில் போகிறது. தயவுசெய்து அதன் முட்டைப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முட்டை சுலபமான பாடமில்லை.

முகம் எப்போது வரையலாம் என்று உடனே கேட்பீர்கள். முட்டை, பிறகு வெள்ளைத் துணி மடிப்பு, பிறகு மண்பானை, பிறகு கத்தரிக்காய் மாதிரி நிறமும் மினுக்கும் உள்ளவை. எவர்சில்வர் டம்ளரை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் சுற்றி இருப்பதெல்லாம் பிரதிபலித்துக் குழப்பும். ஒவ்வொன்றையும் விளக்கை இடம் மாற்றி இரண்டு மூன்று தடவை. அதன்பின் வீட்டில் ஒருவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, முகத்தின் நிழல் எல்லையை மட்டும் வரையுங்கள். கண்ணையும் உதட்டையும் அன்றைக்குப் போட வேண்டாம்.