கொள்ளைநோய்க் காலப் பயிற்சி: பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்

தொற்று வார்டைக் கூட்டித் துடைத்த ஒரு பெண்ணுக்குக் கவச உடையைக் கழற்றும் முறையை யாருமே சொல்லித் தரவில்லை. ஆனால் பயிற்சிப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருந்தது. "எல்லாரும் போட்டாச்சு, நீயும் போடு" என்று வாங்கியிருந்தார்கள். அவருக்குத் தொற்று வந்தபோது அந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆவது உடன்படிக்கை (1981) பாதுகாப்புப் பயிற்சியை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. அரசு ஊழியருக்கும் இது பொருந்தும். 2022 முதல் பாதுகாப்பான பணிச்சூழலை அந்த அமைப்பு வேலையிடத்து அடிப்படை உரிமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. உடன்படிக்கையை ஏற்காத உறுப்பு நாடும் அந்த உரிமையை மதித்தாக வேண்டும். ஆனால் அலுவலக மேசையில் இதைச் சொன்னால் மட்டும் வேலை நடக்காது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று சங்கத்தில் கேட்டு, அந்த எண்ணை மனுவில் எழுதுங்கள்.

அதிகம் அலைக்கழிக்கப்படுவது ஒப்பந்தப் பணியாளர்கள்தான். மருத்துவமனையில் கேட்டால் ஒப்பந்ததாரரைக் கை காட்டுவார்கள், அவர் மருத்துவமனையைக் கை காட்டுவார். ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் பாதுகாப்பில் இருவரும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அந்த 155ஆவது உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு. அதனால் தனித்தனியாக அலையாதீர்கள். ஒரே மனுவில் இருவர் பெயரையும் எழுதி, இரண்டு இடத்திலும் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டதைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. படம் போட்டுக் காட்டியது பயிற்சி ஆகாது. கவச உடையை நீங்களே அணிந்து, ஒருவர் பார்த்துத் திருத்த, நீங்களே கழற்றியிருக்க வேண்டும். தொற்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கழற்றும்போதுதான் அதிகம். காற்றுவழித் தொற்றுக்கான சுவாசக் கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்றும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை குறிப்பிட்ட மாடலுக்கும் அளவுக்கும் மட்டுமே. வேறு கவசம் கொடுத்தால் திரும்பவும் சோதிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் நடக்காமல் கையெழுத்துக் கேட்டால், "செய்முறை தரப்படவில்லை" என்று பக்கத்திலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்.

பயிற்சிக்கும் கவசத்துக்கும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்பது அதே உடன்படிக்கையின் 21ஆவது பிரிவு. விடுப்பு நாளில் வரச்சொன்னால், அதைப் பணி நாளாகக் கணக்கிடுவதாக எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, இதில்தான் பலர் வேலையை இழக்கிறார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் அந்த வேலையிலிருந்து விலகி நிற்க உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் "பயிற்சி தரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் அது பணிக்கு வராமை என்றே பதிவாகும். பணியிடத்திலேயே இருங்கள். என்ன ஆபத்து, எந்தக் கவசம் இல்லை என்று மேற்பார்வையாளருக்கு அப்போதே எழுதிக் கொடுங்கள், நேரத்தையும் குறியுங்கள். கொடுக்கும் முன் அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்து, உடன் வேலை செய்யும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.