விளையாட்டுக்காகப் பள்ளி தேடுகிறீர்களா? முதலில் பெஞ்சைப் பாருங்கள்

பையனுக்கு 14 வயது. நாற்காலியில் உட்காரும்போது வலது காலை மடக்காமல் நீட்டியபடியே உட்கார்ந்தான். பாதி விஷயம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முட்டிச்சில்லுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பு தொடங்கும் இடத்தில், சின்ன எலுமிச்சையைப் பாதியாக வெட்டி வைத்ததுபோல ஒரு புடைப்பு. விரலை லேசாக வைத்ததுமே காலை இழுத்துக்கொண்டான்.

அப்பா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். காலின் எக்ஸ்ரேயாக இருக்கும் என்று நினைத்தேன். பள்ளி வரவேற்பறையில் இருக்கும் கோப்பை அலமாரி அது. "மூணு வருஷமா கூடைப்பந்துல இவங்கதான் சாம்பியன், மேடம். அதுக்காகத்தான் பழைய ஸ்கூல்ல இருந்து மாத்தினோம்."

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வரும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் உயர்நிலைப் பள்ளி வயதுக்காரர்கள். அந்த அலமாரிப் படத்தை வேறு வேறு வடிவங்களில் பலரும் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். விளையாட்டை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று நான் சொல்லப் போவதில்லை. படிப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது போலத்தான் இதுவும். ஆனால் அலமாரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் இருப்பது ஜெயித்தவர்களின் கணக்கு மட்டும். தேர்வாகாத பிள்ளையும் காயம்பட்ட பிள்ளையும் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பது அலமாரியில் தெரியாது. உங்கள் பிள்ளை முதல் வருடத்தில் அந்த இரண்டில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பையனின் கதையை முடித்துவிடுகிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பழைய பள்ளியில் வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் பிராக்டிஸ். புதிய பள்ளியில் காலையில் ஒன்றரை மணி, மாலையில் இரண்டு மணி, வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் பெரும்பாலும் மேட்ச். நாலரை மணி நேரம் 21 மணி நேரமாகிவிட்டது, அதுவும் ஒரே மாதத்தில். அந்த ஆண்டுதான் பையன் கிடுகிடுவென்று உயரமாக வளர்ந்துகொண்டிருந்தான்.

வளரும் வயதில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்னால்தான் வரும். தொடைத் தசை முட்டிச்சில்லைத் தாண்டி, கீழே முன்னங்கால் எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடம் இந்த வயதில் இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. குதிக்கும்போதும் ஓடி நிற்கும்போதும் தசை அதை இழுக்கிறது. போதிய ஓய்வு இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் வீங்கும், வலிக்கும், புடைக்கும். 1903-லேயே இதை ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டார்கள். நோய்க்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றே பெயர். பயப்படுகிற நோய் இல்லை. சுமையைக் குறைத்து, சரியான பயிற்சி கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் சுமையைக் குறைக்கக் கோச் சம்மதிக்க வேண்டுமே! இவனுடைய கோச் சொன்னது: "வலி இல்லாம சாம்பியன் ஆக முடியாது."

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து அந்த அப்பாவோடு கணக்குப் போட்டேன். நீங்களும் பள்ளியை முடிவு செய்வதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கான ஒழுங்கான பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். 14 வயதென்றால் 14 மணி நேரம். வாரத்தில் குறைந்தது ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும். ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016 அறிக்கை. ஒரு விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு மூன்று மாதமாவது விலகியிருக்க வேண்டும், அந்த மூன்று மாதத்தை ஒவ்வொரு மாதமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. இதைச் சொன்னால் பெற்றோர் முகம் மாறிவிடும். "மூணு மாசமா? அதுக்குள்ள எடம் போயிடுமே!" போகிறது என்றால் அது அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு தகவல்.

அப்புறம் தூக்கம். பையன் காலை 4.45-க்கு எழுகிறான், 6 மணிக்குப் பிராக்டிஸ். மாலைப் பிராக்டிஸ் முடிந்து வீடு சேர 7.45. வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கும்போது மணி 11. ஐந்தே முக்கால் மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை தேவைப்படுவது 8 முதல் 10 மணி நேரம். இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றி 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. நல்ல பள்ளிதான், ஆனால் தொலைவு அதிகம் என்றால், அந்தத் தொலைவு பிள்ளையின் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. அப்பா பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பஸ் நேரத்தை நான் கணக்குலயே எடுக்கல, மேடம்" என்றார்.

சரி, பள்ளியைப் பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது? பள்ளியே அழைக்கும் திறப்பு நாளில் போகாதீர்கள். அன்றைக்குப் புல்கூடச் சீவிவிட்டிருப்பார்கள். சாதாரண வார நாளில், அனுமதி வாங்கிக்கொண்டு, மாலைப் பிராக்டிஸுக்குப் போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். முதல் கால் மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள், வார்ம்-அப் நடக்கிறதா என்று பார்க்கத்தான். இரண்டு சுற்று ஓடிவிட்டுப் பந்தைத் தொட்டால் அது வார்ம்-அப் ஆகாது. ஒற்றைக் காலில் நின்று சமநிலை, குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடங்காமல் பார்த்துக்கொள்வது, தொடையின் பின்தசைக்கு வேலை என்று இருக்க வேண்டும். ஃபிஃபா உருவாக்கிய '11+' என்ற 20 நிமிட வார்ம்-அப் அப்படிப்பட்டது. நார்வேயில் பள்ளி வயதுப் பெண்கள் ஆடும் கால்பந்து அணிகளில் அதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெண் பிள்ளைகளுக்கு முட்டி லிகமென்ட் (எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்) கிழியும் ஆபத்து ஒரே விளையாட்டை ஆடும் பையன்களைவிட அதிகம் என்பதால், மகளுக்குப் பள்ளி தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். செலவே இல்லாத விஷயம் இது. செய்யாத பள்ளிக்குப் பணம் ஒரு காரணமாக இருக்க முடியாது.

அடுத்து பெஞ்சு. கிரவுண்டில் ஆடுகிறவர்களை விடுங்கள், ஓரத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். வரிசையில் கடைசியாக நிற்கிற பையனுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பந்து கிடைக்கிறது என்று எண்ணுங்கள். நான் ஒருமுறை எண்ணினேன்: 60 நிமிடத்தில் ஒன்பது. மீதி நேரம் முழுக்க அவன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். காலில் கட்டுப் போட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? கைப்பயிற்சி, ஸ்கோர் எழுதுவது என்று ஏதாவது வேலை இருக்கிறதா, இல்லை யாருமே பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்களா?

இரண்டாம் அணி இருக்கிறதா, அதற்கு ஆண்டுக்கு எத்தனை மேட்ச் என்று கேளுங்கள். மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள், தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் ஆஸ்தான கதை. 1978-ல் அவர் படித்த லேனி உயர்நிலைப் பள்ளியில் நடந்தது வேறு. அவரை விரட்டவில்லை, இளையோர் அணியில் போட்டார்கள். முதல் அணியில் இருந்திருந்தால் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்திருப்பார். இளையோர் அணியில் மேட்ச் மேட்சாக ஆடினார், வளர்ந்தார், அடுத்த ஆண்டு முதல் அணிக்குப் போனார். எனக்கு இந்தக் கதையின் கதாநாயகன் அவருடைய வைராக்கியம் அல்ல, அப்படியொரு அணி அந்தப் பள்ளியில் இருந்ததுதான்.

கோப்பைகள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் துருவுங்கள். ஜெயித்த அணியில் எத்தனை பேர் சின்ன வகுப்பிலிருந்து அங்கேயே வளர்ந்தவர்கள்? எத்தனை பேரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள்? தயாரான ஆளைக் கூட்டிவந்து ஜெயிக்கிற பள்ளி உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. பிறந்த மாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி 1985-ல் வந்த ஆய்வில், ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாகத் தேர்வானது தெரிந்தது. வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் பெரியவன். அந்த உயரத்தையும் எடையையும் திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளை பிரிவில் இளையவன் என்றால், அவனுக்காக இரண்டு வருடம் பொறுக்கத் தெரிந்த கோச் வேண்டும்.

இன்னொரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். "கிரவுண்டில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், யார் என்ன செய்வார்கள்?" 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மேட்ச் நடுவே இதயம் நின்று விழுந்ததை உலகமே பார்த்தது. உடனே நெஞ்சை அழுத்தி, ஏ.இ.டி. கருவியால் மின்னதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். அடுத்த ஆண்டு மறுபடி விளையாட வந்தார். அந்த அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஒரு பள்ளியில் இதைக் கேட்டேன். பெருமையாகக் கருவியைக் காட்ட அழைத்துப் போனார்கள். அறை பூட்டியிருந்தது. சாவி அலுவலக ஊழியரிடம், அவரோ நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். பிராக்டிஸ் தொடங்குவது நாலரைக்கு.

தலையில் அடிபட்டால் என்ன விதி என்றும் கேளுங்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, திரும்ப இறக்கக் கூடாது. அதன்பின் ஆறு படிகளில்தான் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். "தண்ணி தெளிச்சு எழுப்பி விட்டுடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற கோச்சை நான் சந்தித்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. 800 மீட்டர் ஓடும் 16 வயதுப் பெண் முன்னங்காலில் வலி என்று வந்தாள். முன்னங்கால் எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு இடத்தில், என் கட்டைவிரல் அகலத்தில், துடித்துவிட்டாள். எலும்பில் விரிசலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வைக்கிற அறிகுறி அது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.-யில் அதுவே உறுதியானது. மாதவிடாய் பற்றிக் கேட்டபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏழு மாதமாக இல்லை. "கடுமையா பிராக்டிஸ் பண்ணா அப்படித்தான் நிக்கும், நல்ல அறிகுறிதான்" என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல அறிகுறியே இல்லை. ஓட்டத்துக்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் அது ஒன்று. எலும்பும் அதோடு சேர்ந்து பலவீனமாகும். அணியில் பிள்ளைகளை எடை பார்க்கிறார்களா, எல்லார் முன்னாலுமா, யார் பார்க்கிறார்கள், இதையெல்லாம் பேச ஒரு பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். கோச்சுக்காகவே சேர்க்கிறீர்கள் என்றால், அவர் அடுத்த வருடமும் இருப்பாரா என்று விசாரியுங்கள். கோச்சுகளும் வேலை மாறுவார்கள். பள்ளி மாறும் மாணவர் சில காலம் போட்டியில் ஆடக் கூடாது என்று பல இடங்களில் விதி இருக்கிறது, சேர்ப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி. "உனக்கு இந்த ஸ்கூல் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன். அந்தக் கூடைப்பந்துப் பையனின் அப்பாவைச் சீட்டு வாங்க வெளியே அனுப்பிவிட்டு, முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டேன்: "மழை வந்து பிராக்டிஸ் கேன்சல்னு மெசேஜ் வந்தா உனக்கு எப்படி இருக்கும், தம்பி?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "எழுந்ததும் முதல்ல ஜன்னலுக்குத்தான் போவேன் மேடம்" என்றான். "மேகம் இருக்கான்னு பார்க்க."