புதுச் செடிக்கு முதலில் ஒரு நாற்றங்கால்

காரைக்குடிப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். போன சித்திரையில் ஓர் ஆச்சி, ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்த நாற்பது செடிகளை இறக்கிய அன்றே தோட்டத்தில் நட்டுவிட்டார். பத்து நாள் கழித்து அழைப்பு. "தம்பி, எல்லாம் கருகிப்போச்சு. என்ன உரம் போடட்டும்?" போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பைக்குள் சுருண்ட வேர் அப்படியே இருந்தது. செம்மண்ணுக்குள் ஒரு நுனிகூட இறங்கவில்லை. பசியில் சாகவில்லை அந்தச் செடிகள், வெயிலில் செத்தன.

வெளியூர்ச் செடியை நேரே தரையில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று வெள்ளைக்காரர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். மலேரியாவுக்கான கொயினா மருந்து தரும் சின்கோனாக் கன்றுகளை 1860-ல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெருவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்தார், பெரும்பாலும் செத்துப்போயின. அடுத்து வந்த விதைகளையும் கன்றுகளையும் ஊட்டி தாவரவியல் தோட்டத்தில் அதன் பொறுப்பாளர் மெக்கைவர் கண்ணாடிக்கூரைக்குள் வளர்த்து, தண்டு வெட்டிப் பெருக்கிய பிறகே தொட்டபெட்டாவுக்கும் நடுவட்டத்துக்கும் அனுப்பினார்.

நமக்குக் கண்ணாடிக்கூரை வேண்டாம். வீட்டுக்குக் கிழக்கே ஒரு மூலை, ஐம்பது சதவீத நிழல்வலை, அது போதும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து பையை மாற்றுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. இலை ஓரம் பழுப்பானால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மூன்று வாரம் கழித்துக் காலை வெயில் மட்டும் படும்படி வலையை விலக்குங்கள், அப்புறம் மெல்ல மெல்ல முழு வெயில்.

அந்த நாட்களில் இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் புரட்டிப் பாருங்கள். 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று எத்தனை பயிரைத் தின்றது! 2010-ல் அதன் எதிரிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத்தான் அடக்கினார்கள். ஒரு செடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மற்றதிலிருந்து உடனே தள்ளி வையுங்கள்.

பெயர் தெரியாத செடியென்றால் பூத்துக் காய்க்கும்வரை பையிலேயே இருக்கட்டும். பூவுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடிதான், பறவைகள் பழம் தின்று விதை பரப்பி, இன்று காடு காடாக நிற்கிறது. குருவி கொத்தும் பழமா, காற்றில் பறக்கும் விதையா என்று பார்க்காமல் அதைத் தரையில் இறக்காதீர்கள்.

ஆச்சி மறுபடி வாங்கிய செடிகள் இப்போது பின்கட்டில் வலைக்கடியில் இருக்கின்றன. ஐப்பசி மழை இறங்கியதும் நடலாம் என்றிருக்கிறோம்.