"மூணு கிலோ குறைஞ்சிருக்கே, டாக்டர்!"

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மகள் கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கிறது. வாரம் ஒரு முறை போடும் எடைக் குறைப்பு ஊசியை வேறோர் இடத்தில் எழுதி வாங்கி ஆரம்பித்திருக்கிறார். செமாக்ளூடைடு, 0.25 மில்லிகிராம். இரண்டு வாரம் போட்டும் எடை மெஷின் அசைந்து கொடுக்கவில்லை. சரி, மருந்து பத்தவில்லை போலிருக்கிறது என்று அவரே முடிவு கட்டி, சில மாதங்களாக அதே ஊசி போட்டுவரும் நாத்தனாரின் ஊசிப் பேனாவை வாங்கி, 1 மில்லிகிராம் போட்டுக்கொண்டார். ஒரே தாவலில் நான்கு மடங்கு.

மறுநாள் இரவு தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்தார்கள். நாக்கு வறண்டிருந்தது, காலையிலிருந்து சிறுநீர் இல்லை, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. இரண்டு நாள் சலைன் ஏற்றித் தேற்றினோம். வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டார்: "மூணு கிலோ குறைஞ்சிருக்கே, டாக்டர். அப்போ மருந்து வேலை செய்யுதுதானே?"

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். குறைந்தது தண்ணீர், அம்மா. நாங்கள் சலைனில் ஏற்றியதும் அதைத்தான்.

2025 மார்ச்சில் இதேபோல வாரம் ஒரு முறை போடும் இன்னொரு ஊசியான டிர்செபடைடும் அதே ஆண்டு ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அன்றிலிருந்து என் அறையில் அதிகம் கேட்கும் வாக்கியம், "ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே." தெரியாமல் இருக்கலாம். முதல் மாத அளவு எடையைக் குறைப்பதற்காகக் கொடுப்பதே இல்லை. உங்கள் குடல் இந்த மருந்துக்குப் பழகுவதற்காகக் கொடுப்பது. செமாக்ளூடைடு என்றால் 0.25-இல் நான்கு வாரம், பிறகு 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. ஒவ்வொரு படியிலும் நான்கு வாரம் நின்றால், மேல் படிக்குப் போகவே நான்கு மாதம் ஆகிவிடும். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கும், நான்கு வாரத்துக்குப் பிறகு 5. அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும் 2.5 வீதம் ஏற்றுவோம், உச்சம் 15. எல்லோரும் உச்சிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 5-லேயே நன்றாகக் குறைந்துகொண்டிருப்பவரை நான் ஏன் ஏற்ற வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செமாக்ளூடைடு போட்டு ஒரு வாரம் கழித்தும் அதில் ஏறக்குறையப் பாதி உடம்பில் இருக்கும். அதன்மேல்தான் அடுத்த ஊசி சேருகிறது. அதனால் அளவு கூடிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. முறிவு மருந்தும் கிடையாது. வாந்தி வந்தால் தலைவலி மாத்திரை போலச் சாயங்காலத்துக்குள் அடங்கிவிடாது, நாள்கணக்கில் இழுக்கும்.

எவ்வளவு குறையும், எப்போது குறையும்? பெரிய ஆய்வுகளில் செமாக்ளூடைடின் முழு அளவில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்தை ஒட்டி வந்தது. அதுவும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்து. 90 கிலோ இருப்பவருக்கு 15 சதவீதம் என்றால் 13 கிலோ சொச்சம், அதற்கு ஒன்றே கால் வருடத்துக்கு மேல். மாதத்துக்கு ஒரு கிலோகூடத் தேறவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இதைவிடக் குறைவாகவே இறங்கும். ஏழு வாரத்தில் கல்யாண ப்ளவுஸ் என்பதெல்லாம் இந்த மருந்தின் கணக்கில் வராது.

முதல் மாதத்தில் உண்மையில் தெரிவது வேறு. நான்கு இட்லி சாப்பிடுபவருக்கு இரண்டிலேயே போதும் என்று தோன்றும். அங்கே எழுந்துவிட வேண்டும். "வீணாப் போகுதே" என்று மூன்றாவதை உள்ளே தள்ளினால், இந்த மருந்தால் மெதுவாகக் காலியாகும் வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஊசி போட்ட அடுத்த ஓரிரு நாள் குமட்டல், ஏப்பம், வயிற்று உப்புசம் சகஜம். இரவு எட்டரைக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு "ஊசி ஒத்துக்கலை" என்று என்னிடம் சொல்லாதீர்கள். சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். குமட்டல் அடங்காவிட்டால் சொல்லுங்கள், அதே அளவில் இன்னொரு மாதம் நிற்போம்.

பசியே இல்லை என்று இரண்டு வாய் ரசம் சாதத்தோடு நாளை ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொழுப்போடு தசையும் கரையும், சில மாதம் கழித்துத் தலைமுடியும் கொட்டும். கொஞ்சமாகச் சாப்பிடும்போது முதலில் முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர். சோறு அதற்கு அப்புறம். நடைப்பயிற்சி மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை நாளுக்கு இருபது தடவையாவது செய்யுங்கள்.

பேனாவைப் பங்கு போடுவதைப் பற்றி: கூடாது. ஊசிமுனையை மாற்றினாலும் கூடாது. குத்தும்போது துளி ரத்தம் பேனாவுக்குள்ளே திரும்பிப் போகலாம், மஞ்சள் காமாலைக் கிருமி வருவதற்கு அது போதும். அக்கா, தங்கை, புருஷன், பெண்டாட்டி எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குப்பியில் வாங்கிச் சிரிஞ்சில் இழுப்பவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம்: நம்மூரில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை. சிவப்பு மூடியில் அரை மில்லி என்பது 20 கோடு, ஆரஞ்சு மூடியில் 50. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கோட்டை நம்பி இழுக்காதீர்கள்.

பேனா ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துபோனால் உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் உண்டா, உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா? கடைசியது இருந்தால் இந்த ஊசியே கிடையாது. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அதன் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள் முதலில் விழித்திரையைக் காட்டிவிட்டு வாருங்கள். சின்னதோ பெரியதோ ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி விஷயத்தை மறைக்காதீர்கள். பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கக்கூடும்.

பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும் பெண்கள் தனியாகக் கவனியுங்கள். எடை குறைந்து மாதவிடாய் சீரானால், எதிர்பாராமல் கரு தங்கும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். ஆகவே தொடங்கியதும் நான்கு வாரம், ஒவ்வொரு முறை அளவு ஏறும்போதும் நான்கு வாரம், ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

மேல்வயிற்றில் முதுகு வரை பாயும் வலி, கண் மஞ்சளாவது, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இவற்றில் எது வந்தாலும் வாயு என்று ஓம வாட்டர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்று இரவே கிளம்பி வாருங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல் நாளே கேளுங்கள். செமாக்ளூடைடு ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மாதா மாதம் ஆயிரக்கணக்கில் செலவு. எத்தனை வருடம் தாங்கும் என்று வீட்டில் பேசிவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

அந்த அம்மாவைக் கூட்டிப்போக வந்தவர் நாத்தனார்தான். இருவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டார். தூக்கிப் போடச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு டோஸ் இருக்கே, டாக்டர்?"